மறுத்த பதவியும் நாடிய தொகுதியும்: காமராசரின் பிற்கால அரசியல் முடிவுகள் (நெய்வேலியை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

பெருந்தலைவர் காமராசர் 1964, 1966 ஆகிய இரு ஆண்டுகளிலும் இந்தியாவின் தலைமை அமைச்சரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்தார். 1966இல் அப்பதவியைத் தாமே ஏற்குமாறு கட்சித் தலைவர்கள் வேண்டியபோது மறுத்தார். ஆயினும் 1969இல், தம் அறுபத்தைந்தாம் வயதில், நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று மக்களவைக்குச் சென்றார். மறுப்பும் விழைவும் முரண்பட்டவையாகத் தோன்றினும் அவற்றுள் ஓர் இயைபு உண்டு என்பதை அவர் வாழ்வரலாற்றின் வழி நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரித் திட்டம் இவ்வியைபினை விளக்கும் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காமராசர், நெய்வேலி, காமராசர் திட்டம், தலைமை அமைச்சர் தேர்வு, நாகர்கோவில் இடைத்தேர்தல், மாநிலமும் நடுவணரசும்.

முன்னுரை

தமிழில் எழுந்த காமராசர் வரலாறுகள் பெரும்பாலும் அவரது எளிமையையும் பதவி விழையாமையையும் போற்றுவன. அவர் தலைமை அமைச்சர் பதவியை ஏற்க மறுத்த செய்தி அவ்வரலாறுகளில் துறவின் உச்சமாக இடம்பெறுகிறது. அதற்குப் பின் வந்த விருதுநகர்த் தோல்வியும் நாகர்கோவில் வெற்றியும் தனித்தனி நிகழ்ச்சிகளாகவே நின்றுவிடுகின்றன. பதவியை வேண்டாதவர் என்றால், முதுமையின் வாயிலில் ஏன் மீண்டும் தேர்தலில் நின்றார் என்னும் வினா எழாமலே போகிறது. இவ்வினாவுக்கு விடை காணாதவரை அவரது மறுப்பின் பொருளும் முழுமையாக விளங்காது. ஆதலின் அவர் வாழ்வை அதிகாரம் குறித்த அவருடைய மதிப்பீட்டின் வளர்ச்சியாகக் காண்பது தேவையாகிறது.

அமைப்பாளராக உருவாதல்

காமராசர் 1903 சூலை 15ஆம் நாள் விருதுபட்டியில், இன்றைய விருதுநகரில், குமாரசாமி, சிவகாமி இணையருக்கு மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பள்ளிக்கல்வி பாதியில் நின்றது. தாய்மாமனின் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே நாட்டு விடுதலைக் கூட்டங்களுக்குச் சென்றார். 1930இல் வேதாரணியம் உப்பு அறப்போரில் ஈடுபட்டு அலிப்பூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டார். பின்னரும் பலமுறை சிறை புகுந்தார். சிறையில் கழிந்த காலம் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள். பள்ளி தராத படிப்பில் ஒரு பகுதியை அவர் அங்கே பெற்றார்.

சத்தியமூர்த்தியின் அரவணைப்பில் காங்கிரசு அமைப்பில் உயர்ந்த அவர், 1937இல் சாத்தூரிலிருந்து போட்டியின்றிச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1940இல் தமிழ்நாடு காங்கிரசுக் குழுவின் தலைவரானார். தமக்கு வழிகாட்டிய சத்தியமூர்த்தியே அப்போது அவருக்குக் கீழ்ச் செயலாளராகப் பணியாற்ற முன்வந்தார். 1941இல் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையானதும் சென்று பொறுப்பேற்று, கட்சிப் பணிக்கிடையே முழுமையாகச் செய்ய இயலாத பணியை ஏற்றல் தகாது என்று கருதி, உடனே விலகினார். பதவி மறுப்பு என்னும் பண்பின் முதல் தடம் இங்கே காணப்படுகிறது. பதவியை அவர் இழிவாகக் கருதியதால் நேர்ந்த விலகல் அன்று அது. செய்ய முடியாததை வைத்துக்கொண்டிருத்தல் கூடாது என்னும் கணக்கே அதற்கு அடிப்படை.

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் பிரகாசம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார், குமாரசாமி ராசா ஆகியோர் சென்னை மாகாண முதன்மைப் பொறுப்பில் அடுத்தடுத்து அமர்ந்ததிலும் விலகியதிலும் காமராசரின் கை இருந்தது. ஆட்சியாளரைத் தேர்ந்தெடுப்பவர், ஆட்சியில் அமராதவர் என்ற நிலை அவருக்கு ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வாய்த்தது. பிற்காலத்தில் புதுதில்லியில் அவர் ஏற்ற பங்கிற்கு இதுவே பயிற்சிக் களம். 1952 பொதுத்தேர்தலில் திருவில்லிபுத்தூர்த் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். தேசியப் பதவிக்கான முதல் வாயில் அவருக்கு அப்போதே திறந்திருந்தது. எனினும் மாநில அரசியல் அவரை விரைவில் திரும்ப அழைத்துக்கொண்டது.

முதலமைச்சரும் நெய்வேலியும்

இராசாசியின் தொடக்கக் கல்வித் திட்டம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியதை அடுத்து அவர் பதவி விலகினார். சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராசர் 93 வாக்குகளும் சி. சுப்பிரமணியம் 41 வாக்குகளும் பெற்றனர். 1954 ஏப்பிரல் 13ஆம் நாள் காமராசர் முதலமைச்சரானார். எதிர்த்து நின்ற சுப்பிரமணியத்தையும் அவரை ஆதரித்த பக்தவத்சலத்தையும் தம் சிறிய அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டார். சட்டமன்றத்துக்குள் நுழைவதற்குக் குடியாத்தம் இடைத்தேர்தலைத் தேர்ந்தார். மேலவை வழியாக எளிதில் நுழைந்திருக்கலாம். மக்களின் நேரடி வாக்கினையே அவர் நாடினார். இத்தெரிவு பின்னர் ஆராயப்படும் நாகர்கோவில் முடிவுக்கு முன்னோடி.

அவர் ஆட்சி கல்விக்கும் மதிய உணவுக்கும் அணைகளுக்கும் பெயர்பெற்றது. அவ்வாட்சியின் மின்னாற்றல் கொள்கையில் நெய்வேலிக்குத் தனியிடம் உண்டு. தமிழ்நாட்டில் கருநிலக்கரிச் சுரங்கம் இல்லை. மேட்டூர், பைக்காரா போன்ற நீர்மின் நிலையங்கள் மழையை நம்பியிருந்தன. வெளிமாநில நிலக்கரி நெடுந்தொலைவு கடந்து வரவேண்டியிருந்தது. இந்நிலையில் தென்னார்க்காடு மாவட்டத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகை இருப்பது பெரும்பேறாகக் கருதப்பட்டது. 1930களில் நெய்வேலிப் பகுதி நிலவுடைமையாளர் சம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட பழுப்பு நிறப் பொருளே இப்படுகைபற்றிய ஆர்வத்தைத் தூண்டியது என்பர். 1940களில் நில ஆய்வுகள் நடந்தன. 1953இல் சோதனைச் சுரங்கம் வெட்டப்பட்டது.

படுகையை அடைவதில் இரு இடர்கள் இருந்தன. மேலே கடினமான மண்பாறை அடுக்கு. கீழே அழுத்தம் மிக்க ஊற்றுநீர். அந்நீரை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலன்றிச் சுரங்கத்தின் அடித்தளம் நிலைக்காது. இத்தகைய பணிக்கு வேண்டிய முதலீடு ஒரு மாநில அரசின் வருவாய்க்குள் அடங்குவதன்று. நடுவணரசு பொறுப்பேற்க வேண்டுமெனச் சென்னை அரசு வலியுறுத்தியது. திட்டம் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் இடம்பெற்றது. 1956 நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் நடுவணரசின் உடைமையாகப் பதிவு செய்யப்பெற்றது. 1957 மே 20ஆம் நாள் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகத்தில் நிலக்கரி எட்டப்பட்டது. 1962இல் சோவியத்து ஒன்றியத்தின் ஒத்துழைப்புடன் அமைந்த அனல்மின் நிலையத்தின் முதல் அலகு, 50 மெகாவாட்டுத் திறனுடன், இயங்கத் தொடங்கியது.

இத்திட்டத்தில் இரு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, நிலம் மாநிலத்தினுடையது, நிறுவனம் நடுவணரசினுடையது, மின்சாரம் மாநிலத்து வயல்களுக்கும் ஆலைகளுக்கும் வந்தது. உடைமை யாரிடம் இருக்கிறது என்பதைவிடப் பயன் யாரைச் சேர்கிறது என்பதையே காமராசர் முதன்மையாகக் கொண்டார் என இதனால் உணரலாம். மற்றொன்று, இப்பயனுக்கு ஒரு விலையும் இருந்தது. சுரங்கத்துக்கும் நகரியத்துக்குமாக ஊர்கள் இடம்பெயர்ந்தன. உழவர் தம் நிலத்தை விட்டனர். நிலம் கொடுத்தோரின் இழப்பீடும் வேலைவாய்ப்பும் பற்றிய கோரிக்கைகள் அத்தலைமுறையோடு முடியவில்லை. முடிவெடுக்கும் இடம் புதுதில்லியாகவும் இழப்பவர் இருக்கும் இடம் நெய்வேலியாகவும் அமைந்த இவ்வமைப்பு, மாநிலத் தலைவர் ஒருவர் நடுவண் அதிகாரத்தில் எந்த அளவு பங்கு பெறவேண்டும் என்னும் வினாவைத் தன்னுள் கொண்டிருந்தது. காமராசரின் பிற்கால முடிவுகள் இவ்வினாவைச் சுற்றியே அமைந்தன.

அதே 1956 நவம்பர்த் திங்கள் முதல் நாளில் மாநில எல்லைகள் மொழிவழி திருத்தப்பட, திருவிதாங்கூர்ப் பகுதியின் தமிழ் வட்டங்கள் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துடன் இணைந்தன. அவ்விணைப்புக்காகப் போராடியவர்களுள் தலையாயவர் நேசமணி. அவர் தொகுதியே பின்னாளில் காமராசருக்கு நாடாளுமன்ற வாயிலாயிற்று.

துறப்பும் அதன் விளைவும்

1962 தேர்தலுக்குப் பின் காங்கிரசு தளர்ந்து வருவதைக் காமராசர் உணர்ந்தார். சீனப்போர் நடுவணரசின் மதிப்பைக் குலைத்திருந்தது. மூத்த தலைவர்கள் ஆட்சிப் பொறுப்பைத் துறந்து கட்சிப் பணிக்குத் திரும்பவேண்டும் என்னும் திட்டத்தை நேருவிடம் முன்வைத்தார். 1963 ஆகத்தில் காங்கிரசுச் செயற்குழு அதனை ஏற்றது. ஆறு முதலமைச்சர்களும் ஆறு நடுவண் அமைச்சர்களும் விலகினர். விலகிய அமைச்சர்களுள் மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாத்திரி, செகசீவன் ராம் ஆகியோர் அடங்குவர். 1963 அக்டோபர் 2ஆம் நாள் காமராசர் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகினார், பக்தவத்சலம் பொறுப்பேற்றார். 1964 சனவரியில் புவனேசுவரத்தில் கூடிய மாநாட்டில் காமராசர் அனைத்திந்தியக் காங்கிரசின் தலைவராகத் தலைமை தாங்கினார்.

1964 மே 27ஆம் நாள் நேரு மறைந்தார். அடுத்த தலைவரைப் போட்டியின்றித் தேர்வதற்குக் காமராசர் மாநில முதலமைச்சர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் தனித்தனியே கலந்து, பெரும்பான்மையோர் கருத்து சாத்திரியின் பக்கம் இருப்பதைக் கண்டறிந்தார். மொரார்ஜி தேசாய் அம்முடிவுக்கு உடன்பட, சூன் 2ஆம் நாள் சாத்திரி ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நேருவுக்குப் பின் யார் என்று உலகமே ஐயுற்றிருந்த காலத்தில் ஒரு வாரத்துக்குள் அமைதியாக நிகழ்ந்த இம்மாற்றம் இந்திய மக்களாட்சியின் நிலைபேற்றுக்குச் சான்றாயிற்று.

1966: மறுப்பு

1966 சனவரி 11ஆம் நாள் தாசுகண்டில் சாத்திரி திடீரென மறைந்தார். இம்முறை ஒருமனத் தேர்வு எளிதாக இல்லை. மொரார்ஜி தேசாய் போட்டியிலிருந்து விலக மறுத்தார். அதுல்யா கோசு முதலிய கட்சித் தலைவர்கள் காமராசரையே பதவியேற்குமாறு வற்புறுத்தினர். ஆங்கிலத்திலும் இந்தியிலும் பேசும் ஆற்றல் தமக்கில்லை என்பதைச் சுட்டி அவர் மறுத்துவிட்டார். பின்னர் இந்திரா காந்தியை முன்னிறுத்த, சனவரி 19ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் இந்திரா 355 வாக்குகளும் மொரார்ஜி 169 வாக்குகளும் பெற்றனர்.

இம்மறுப்பினைத் தன்னடக்கம் என்று மட்டும் கொள்வது போதாது. மூன்று சூழல்களை உடன்வைத்து நோக்கவேண்டும். முதலாவது, மொழிச்சூழல். 1965 சனவரி 26 முதல் இந்தி ஆட்சிமொழியாகும் என்னும் அச்சத்தால் தமிழகம் கொந்தளித்து ஓராண்டே கழிந்திருந்தது. துப்பாக்கிச் சூடுகளில் உயிர்கள் மாண்டன. சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் நடுவண் அமைச்சரவையிலிருந்து விலக முன்வந்தனர். ஆங்கிலம் தொடரும் என்னும் உறுதியைச் சாத்திரி அளித்த பின்பே அமைதி திரும்பியது. இந்நிலையில் இந்தியறியாத தமிழர் ஒருவர் தலைமை அமைச்சரானால், அவர் எடுக்கும் ஒவ்வொரு மொழி முடிவும் வடக்கில் சார்பென்றும் தெற்கில் விட்டுக்கொடுத்தல் என்றும் படிக்கப்பட்டிருக்கும். காமராசர் கூறிய மொழிக் காரணம் தனிமனிதக் குறை குறித்தது போல் தோன்றினும், நாட்டின் தீராத சிக்கல் ஒன்றையே அது சுட்டியது.

இரண்டாவது, அதிகாரத்தின் ஊற்று. அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர் அல்லர். அவருக்கு வழங்கப்பட்ட பதவி, மாநிலக் கட்சித் தலைவர்கள் சிலரின் இசைவினால் கிடைப்பது. அவ்விசைவு என்று திரும்பப் பெறப்படுமோ அன்று பதவியும் நிலைகுலையும் என்பதை, மூன்று முதன்மை அமைச்சர்களை ஏற்றியும் இறக்கியும் கண்ட அவரைவிட நன்கு அறிந்தவர் இலர். மூன்றாவது, தேர்ந்தெடுப்பவரின் நடுநிலை. முந்தைய தேர்வில் அவர் பெற்ற நம்பிக்கை, தமக்கென ஒன்றும் வேண்டாதவர் என்பதால் விளைந்தது. தாமே போட்டியாளராகியிருந்தால் அந்நம்பிக்கை அன்றே அழிந்திருக்கும்.

1967: தோல்வி

துறப்பின் விலை 1967இல் தெரியவந்தது. உணவுத் தட்டுப்பாடும் மொழிப் போராட்டத்தின் வடுவும் காங்கிரசு ஆட்சியை வீழ்த்தின. திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சியமைத்தது. விருதுநகரில் மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்குகளில் காமராசர் தோற்றார். அதன் பின்னும் இந்திரா தலைமை அமைச்சராகவும் மொரார்ஜி துணைத் தலைமை அமைச்சராகவும் அமையும் உடன்பாட்டை உருவாக்குவதில் அவர் பங்காற்றினார். ஆயினும் சொந்த மாநிலத்தை இழந்த தலைவரின் சொல்லுக்குப் புதுதில்லியில் முன்னைய எடை இல்லை.

1963இல் அவர் விலகாதிருந்தால் 1967இன் முடிவு மாறியிருக்குமா என்னும் வினா ஆய்வாளரிடையே எழுவது இயல்பு. விலை உயர்வையும் மொழிச் சிக்கலையும் எந்த முதலமைச்சரும் எதிர்கொண்டாகவேண்டும். ஆதலின் உறுதியாக விடை கூறல் அரிது. ஆனால் ஒன்று தெளிவு. மாநிலமே தமது வேர். புதுதில்லி அதன் கிளை. வேரை விட்டுக் கிளையைக் காக்க முயன்றதன் இடரை அத்தோல்வி அவருக்கு உணர்த்தியது.

1969: நாகர்கோவில்

1968 சூன் முதல் நாள் நேசமணி மறைந்ததால் நாகர்கோவில் மக்களவைத் தொகுதி காலியாயிற்று. 1967இல் தமிழகத்தில் காங்கிரசு வென்ற மக்களவைத் தொகுதிகள் மூன்றே. நாகர்கோவில் அவற்றுள் ஒன்று. தோற்ற இடத்திலன்றி வேறிடத்தில் நிற்பது பற்றியும், மீண்டும் தோற்றால் பொதுவாழ்வே முடிவுறும் என்பது பற்றியும் எண்ணவேண்டியிருந்தது. ஆளுங்கட்சி சுதந்திராக் கட்சி வேட்பாளரான மருத்துவர் மத்தியாசை ஆதரித்தது. 1969 சனவரியில் நடந்த தேர்தலில் ஓர் இலட்சத்துக்கும் மிகுந்த வாக்கு வேறுபாட்டில் காமராசர் வென்றார்.

1966இல் மறுத்தவர் 1969இல் நாடியது ஏன் என்பதற்கு இங்கு விடை கிடைக்கிறது. முன்னது தலைவர்களின் இசைவால் வருவது. பின்னது வாக்காளர் தரும் உரிமை. குடியாத்தத்தில் எடுத்த முடிவினையே பதினைந்தாண்டுக்குப் பின் நாகர்கோவிலில் அவர் மீண்டும் எடுத்தார். இதில் கட்சி நலமும் தம் செல்வாக்கினை மீட்கும் விழைவும் கலந்திருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. அரசியலர் ஒருவரின் விழைவு குற்றமாகாது. அது எவ்வழியில் நிறைவேறுகிறது என்பதே மதிப்பீட்டுக்குரியது.

ஆனால் காலம் அவருக்கு இடந்தரவில்லை. அவ்வாண்டு மே 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் சாகீர் உசேன் மறைந்தார். கட்சி வேட்பாளராகச் சஞ்சீவ ரெட்டியை மூத்த தலைவர்கள் முன்னிறுத்த, இந்திரா மனச்சான்றின்படி வாக்களிக்கும் உரிமையை வலியுறுத்தினார். சூலை 19ஆம் நாள் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. ஆகத்தில் வி. வி. கிரி வென்றார். நவம்பரில் காங்கிரசு பிளவுற்றது. தாம் பதவியில் அமர்த்தியவருக்கு எதிரணியில் காமராசர் நின்றார். பொதுத்துறைக்கும் சமதருமத்துக்கும் உழைத்தவர், வங்கி நாட்டுடைமையால் புகழ்பெற்றவரை எதிர்க்கும் அணியில் இருக்கநேர்ந்தது அவர் வாழ்வின் பெரும் முரண். 1971 தேர்தலில், நெடுநாள் எதிராளியான இராசாசியுடன் கைகோத்தும், அவர் அணி தமிழகத்தில் தோற்றது. பழைய காங்கிரசுக்குத் தமிழகத்தில் கிடைத்த ஒரே மக்களவை இடம் நாகர்கோவில். அங்கு வென்றவர் காமராசரே. 1975 சூன் 25ஆம் நாள் அறிவிக்கப்பெற்ற நெருக்கடிநிலை அவரை மிக வருத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள், பதவி துறந்த அதே நாளில், பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், சென்னையில் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பெற்றது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படுவன: காமராசரின் மறுப்பு, அதிகாரம் எதன்மேல் நிற்கிறது என்னும் தெளிவிலிருந்து பிறந்தது. அவர் நாடிய தொகுதியும் அத்தெளிவின் விளைவே. ஆகவே 1966உம் 1969உம் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. எனினும் இத்தெளிவுக்கு ஓர் எல்லை இருந்தது. தாம் அமராத பதவியில் அமர்ந்தவர் தம் கருத்துக்கு இணங்குவார் என்னும் எதிர்பார்ப்பு, மாநில அளவில் ஒருகால் பலித்தது. நடுவண் அளவில் பலிக்கவில்லை. நெய்வேலியில் உடைமையை நடுவணரசிடம் விட்டுப் பயனை மாநிலத்துக்குப் பெற்றுத்தந்த முறை, தலைமை அமைச்சர் பதவிக்குப் பொருந்தவில்லை. சுரங்கம் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படும். பதவியில் அமர்ந்த மனிதர் தம் வழியே செல்வார்.

நெய்வேலியிலும் அம்முறை எல்லார்க்கும் நிறைவு தரவில்லை என்பதை நிலம் விட்டோரின் நெடுங்காலக் கோரிக்கைகள் உணர்த்துகின்றன. முடிவெடுக்கும் இடத்தில் தம்மவர் இல்லாமையின் விளைவு, குடிமக்களுக்கு இழப்பாகவும் தலைவர்க்குத் தோல்வியாகவும் வெளிப்படுகிறது. காமராசரின் மறுப்பைப் போற்றும் ஆய்வுகள் அதனால் தமிழகம் பெற்றதையும் இழந்ததையும் இனி ஒருங்கே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். இடம்பெயர்ந்த நெய்வேலி ஊர்களின் வாய்மொழி வரலாற்றைத் தொகுப்பது அதற்கு உறுதுணையாகும்.